உஷா உதுப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் கொஞ்சம் பாசத்தோடு சில பதில்களும்

யார் இந்த உஷா உதுப்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கனமான பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, பத்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பொட்டு, முழங்கை வரை வளையல், காலில் ஸ்னீக்கர்ஸ். இத்தனையோடும் மேடையேறி, கண்ணை மூடிக் கேட்டால் பாடுவது ஆணா பெண்ணா என்று ஒரு நொடி சந்தேகம் வரும் குரலில் ஆங்கிலப் பாப் பாட்டு பாடுவாரே, அவர்தான். 1947இல் பம்பாயில் பிறந்தவர். 1969இல் தொடங்கிய மேடை வாழ்க்கை அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. பதினைந்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் பாடியிருக்கிறார். 2011இல் பத்மஸ்ரீ, 2024இல் பத்மபூஷண்.

தமிழரா, மலையாளியா, பெங்காலியா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

எல்லாரும் சொல்வது சரிதான். பிறந்தது தமிழ்க் குடும்பத்தில். அப்பா பம்பாய் போலீஸில் அதிகாரி, வீட்டுப் பெயர் சாமி. அக்காக்களும் பாடகிகள், ‘சாமி சிஸ்டர்ஸ்’ என்று சேர்ந்து மேடையில் பாடியவர்கள். முதல் திருமணத்தால் உஷா ஐயர் ஆனார், பழைய இசைத்தட்டுகளிலும் எழுபதுகளின் படங்களிலும் அந்தப் பெயர்தான் இருக்கும், தேடுபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஜானி சாக்கோ உதுப் என்ற கேரளத்துக்காரரை மணந்தார், அதனால் உதுப். குடியிருப்பது கொல்கத்தாவில், அங்கே அவர் எல்லாருக்கும் தீதி, அதாவது அக்கா. ‘கொல்கத்தா கொல்கத்தா டோன்ட் வொரி கொல்கத்தா’ என்று அந்த ஊருக்கே ஆறுதல் பாட்டு பாடியவர். ‘என்டே கேரளம்’ பாட்டைக் கேட்டு வளர்ந்த மலையாளிகளிடம் போய் இவர் உங்கள் ஊர் இல்லை என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள்.

சின்ன வயதிலேயே பாட்டு கற்றவரா?

முறையாக இல்லை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, அவரே பல பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. பள்ளியில் பாட்டு வகுப்பில் இருந்து அவரை வெளியே அனுப்பிவிட்டார்களாம், குரல் கட்டையாக இருக்கிறது, மற்றப் பிள்ளைகளோடு சேரவில்லை என்று. ஐம்பதுகளின் கான்வென்ட் பள்ளியில் பெண்பிள்ளைகள் என்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி உச்சஸ்தாயிக் குரல் வேண்டும், நடுவில் ஒரு பெண் மட்டும் கீழ்ஸ்தாயியில் முழங்கினால் டீச்சர் பாவம் என்ன செய்வார்?

வீட்டில் நிலைமை வேறு. ரேடியோவில் மேற்கத்திய இசை, இந்துஸ்தானி, கர்நாடகம் எல்லாம் ஓடும். ஒன்பது வயதில், அக்காக்களின் தயவில், வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி மூலமாக ரேடியோ சிலோனில் ஓவல்டின் நிகழ்ச்சி ஒன்றில் பாட வாய்ப்பு வந்தது. பாடியது ‘மாக்கிங்பேர்ட் ஹில்’ என்ற ஆங்கிலப் பாட்டு. ஆக, பள்ளிக்கூடம் வேண்டாம் என்ற குரலை இலங்கை வானொலி ஒலிபரப்பியது. நம் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு சினிமாப் பாட்டு அறிமுகமானதும் அதே வானொலியில்தானே.

முதல் மேடை சென்னையில்தான் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, சென்னைக்காரர்கள் பலருக்கே தெரியாத உண்மை. மவுண்ட் ரோட்டில், இன்றைய அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில், சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர்கள் இருந்தன. 1964இல் திறந்தது. மல்டிப்ளெக்ஸ் என்ற சொல்லே ஊருக்குள் வராத காலத்தில் அது ஒரு மல்டிப்ளெக்ஸ். புளூ டைமண்டில் தொடர் காட்சி, எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம், வெயிலுக்கு ஏசியில் தூங்குவதற்காகவே டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு. அந்த வளாகத்தின் அடித்தளத்தில் நைன் ஜெம்ஸ் என்று ஒரு சின்ன நைட் கிளப். 1969இல் அங்கேதான் உஷா முதன்முதலாக மைக்கைப் பிடித்தார், புடவையில். அன்று ஒரு நாள் பாட்டு என்று போனவரை, கூட்டத்துக்குப் பிடித்துப்போனதால், ஒரு வாரம் இருந்து பாடச் சொன்னார் கிளப் உரிமையாளர்.

1969இன் மெட்ராஸை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மதுவிலக்கு அமலில் இருந்த ஊர். கச்சேரி என்றால் சபா, பாட்டு என்றால் சினிமா. அதற்கு நடுவே மவுண்ட் ரோட்டின் அடித்தளத்தில் ஒரு நைட் கிளப் இருந்ததே செய்தி. அங்கே ஆங்கிலப் பாட்டு பாட வந்த பெண், பார்ப்பதற்கு மயிலாப்பூர் கல்யாண வீட்டில் இருந்து நேராக வந்தவர்போல் இருந்தார் என்றால் உட்கார்ந்திருந்தவர்கள் எப்படி நிமிர்ந்திருப்பார்கள்! அந்த வளாகம் இப்போது இல்லை, இடித்தாயிற்று. அந்த வழியாக பஸ்ஸில் போகிறவர்களுக்கு அங்கே தியேட்டர் இருந்ததே நினைவில்லை, கீழே ஒரு கிளப் இருந்தது எங்கே நினைவிருக்கப் போகிறது?

புடவை கட்டிக்கொண்டு நைட் கிளப்பில் பாடியது விளம்பர உத்திதானே?

அதிகம் வரும் கேள்வி இது. அவர் பதில் எப்போதும் ஒன்றுதான்: வேறு என்ன கட்டியிருப்பேன்? அவர் வீட்டுப் பெண்கள் புடவை கட்டினார்கள், அவரும் கட்டினார். வெளியே போகும்போது நல்ல புடவை, விசேஷம் என்றால் பட்டு, தலைக்குப் பூ, நெற்றிக்குப் பொட்டு. பாடப் போவது விசேஷம், அதனால் விசேஷத்துக்குப் போகிறமாதிரி போனார். அவ்வளவுதான் ஆரம்பம்.

அந்தக் காலத்தில் கிளப் பாடகி என்றால் ஒரு உருவம் ஏற்கெனவே தயாராக இருந்தது. கவுன், குட்டை முடி, உயரமான ஹீல்ஸ். கல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட்டில் பாம் க்ரெய்ன் போன்ற அருமையான ஜாஸ் பாடகிகள் அப்படித்தான் வந்து பாடினார்கள், அவர்களுக்கு அது இயல்பான உடை, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உஷா அந்த உருவத்துக்குள் தன்னைத் திணித்துக்கொள்ளவில்லை. திணித்திருந்தால் கவுன் போட்ட இன்னொரு பாடகியாக அன்றைக்கே மறந்திருப்போம்.

என்னைக் கேட்டால் இவரிடம் விசித்திரம் என்று நாம் சொல்வது உடையில் இருந்ததே கிடையாது. அதே அரக்குப் பட்டோடு கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உடை மாறாமல் இடம் மட்டும் மாறியது, அதுதான் விஷயம். பகட்டான கலைஞர்கள் என்று உலகம் கொண்டாடுகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஒரு ஆள், மேடையில் வேறொரு ஆள். மினுமினுக்கும் கோட்டு, இறக்கை, கிரீடம் எல்லாம் மேடைக்குப் பின்னால் கழற்றி மாட்டப்படும். இவர் வீட்டில் இருந்த ஆளையே மேடைக்கு அழைத்து வந்தார்.

அதற்காக ஒன்றும் அறியாமல் எல்லாம் தானாக நடந்தது என்று சொன்னால் அவர் புத்திசாலித்தனத்தைக் குறைத்து மதிப்பிடுவதாகிவிடும். எடுபடுகிறது என்று தெரிந்தபின் பொட்டு பெரிதானது, வளையல் கூடியது, பூ இன்னும் ஒரு சுற்று ஏறியது, புடவையின் நிறங்கள் கடைசி வரிசைக்கும் தெரிகிற நிறங்கள் ஆயின. தன் இயல்பையே எடுத்து ஒலிபெருக்கியில் வைத்தார். அது கெட்டிக்காரத்தனம்தான், ஏமாற்று இல்லை.

காஞ்சிபுரம் பட்டுதான் எப்போதுமா? அவ்வளவு கனத்தில் எப்படி ஆடிப் பாட முடிகிறது?

பெரும்பாலும் காஞ்சிபுரம்தான். கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நல்ல ஜரிகை உள்ள பட்டு தோளில் ஒரு குழந்தை தொங்குகிறமாதிரி இருக்கும். அதிலும் உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோர்த்த கோர்வைப் புடவை இன்னும் விறைப்பு. கல்யாணத்தில் மூன்று மணி நேரம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலே போதும் போதும் என்றாகிவிடும். இவர் மேடை விளக்குகளின் சூட்டில் இரண்டு மணி நேரம் நின்று, நடந்து, கைதட்ட வைத்து, ஆடிப் பாடுவார்.

வீடியோக்களில் கவனித்துப் பாருங்கள். முந்தானை தோளில் அசையாமல் நிற்கும். கொசுவம் கணுக்கால் தெரியும் அளவுக்குக் கொஞ்சம் உயர்த்திக் கட்டியிருக்கும், தடுக்காமல் இருப்பதற்கு. அசைவெல்லாம் தோளிலும் கையிலும் முகத்திலும்தான், குறிப்பாகக் கையில். மைக் பிடிக்காத கையை ஒரு பாட்டு முழுக்கப் பார்த்தால் போதும், வளையல்களே ஒரு தாளக்காரர் வேலை செய்யும். புடவை விறைப்பாக இருப்பதால் உடம்பு நிமிர்ந்து நிற்கிறது, நிமிர்ந்து நிற்பதால் மூச்சு நன்றாக இறங்குகிறது, அந்தக் குரலுக்கு அது வேண்டும். இது என் ஊகம், ஆனால் பட்டுப்புடவை கட்டிப் பாடுகிற யாரைக் கேட்டாலும் தலையாட்டுவார்கள்.

பொட்டில் ஏதோ எழுத்து இருக்கிறதே?

வங்காள எழுத்து, நம் ‘க’ போல. கொல்கத்தாவின் முதல் எழுத்து. தமிழ்ப் பட்டைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் வங்காளத்தை ஒட்டிக்கொண்டு, கேரளத்துப் பெயரோடு, பம்பாய் ஆங்கிலம் பேசுகிறார். இதைவிட எளிதாக யாரும் தன் ஜாதகத்தைச் சொல்லிவிட முடியாது.

அந்த ஸ்னீக்கர்ஸ் என்ன கதை?

ரசிகர்களிடம் பொட்டுக்கு அடுத்த பிரபலம் இதுதான். சாதாரண கேன்வாஸ் ஷூ. அதன்மேல் பட்டுத்துணி, ஜரிகைக் கரை எல்லாம் வெட்டி ஒட்டித் தைத்து, புடவைக்கு ஜோடியாக்கிப் போடுகிறார். பெரிய டிசைனர் யாரும் செய்து தரவில்லை, உள்ளூரில் செருப்புத் தைப்பவரின் கைவேலை. மாங்காய் டிசைன், கோபுரக் கரை எல்லாம் ஷூவின் பக்கவாட்டில் ஓடும்.

வசதிக்காக வந்த வழக்கம்தான். ஹீல்ஸ் போட்டு இரண்டு மணி நேரம் மேடையில் நிற்பது வேலைக்கு ஆகாது. ஆனால் வசதிக்காகப் போடுவதை மறைக்காமல் அலங்கரித்துக் காட்டினார் பாருங்கள், அங்கேதான் ரசனை தெரிகிறது. இன்றைக்குக் கல்யாண வரவேற்பில் மணப்பெண்கள் லெஹங்காவுக்கு அடியில் ஸ்னீக்கர்ஸ் போட்டு இன்ஸ்டாவில் போட்டோ போடுகிறார்கள், ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த மாதிரி.

கொல்கத்தாவில் எப்படிப் போய் நிலைத்தார்?

ட்ரிங்காஸ். பார்க் ஸ்ட்ரீட்டில் உள்ள உணவகம், இன்றும் இருக்கிறது. சென்னைக்குப் பிறகு பம்பாயில் பாடி, 1969இலேயே அங்கே போய்ச் சேர்ந்தார். அந்தக் காலத்துப் பார்க் ஸ்ட்ரீட் என்றால் வரிசையாக உணவகங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு இசைக்குழு, இரவு முழுக்க ஜாஸும் பாப்பும். அங்கே பட்டுப்புடவையில் ஒரு பெண் வந்து ‘ஃபீவர்’ என்ற ஆங்கிலப் பாட்டைப் பாடினால் என்ன ஆகும்? குடும்பங்கள் வரத் தொடங்கின. இது முக்கியம். கிளப் என்றாலே ஆண்கள் மட்டும் போகிற இடம் என்ற நினைப்பை அந்தப் புடவை கொஞ்சம் கரைத்தது. மனைவியை, மாமியாரை எல்லாம் அழைத்துக்கொண்டு போகலாம், பாடுகிறவர் நம் வீட்டுப் பெண் மாதிரி இருக்கிறார் என்ற தைரியம். ஜானி உதுப்பைச் சந்தித்ததும் ட்ரிங்காஸில்தான். ஜானி 2024 ஜூலையில் காலமானார்.

அரசாங்கமே அவரைப் பாடக்கூடாது என்று தடுத்ததாமே?

ஆமாம். எண்பதுகளின் தொடக்கத்தில் மேற்கு வங்க இடது முன்னணி அரசில் பொதுப்பணித்துறை அமைச்சராக இருந்த ஜதின் சக்கரவர்த்தி, இவர் பாடுவது சீரழிவுக் கலாச்சாரம் என்று சொல்லி, அரசு அரங்குகளை இவருக்குக் கொடுக்க முடியாது என்றார். யோசித்துப் பாருங்கள், மேடையில் தோள் தெரியாமல் புடவை போர்த்திப் பாடுகிற ஒருவருக்கு! ஆங்கிலப் பாட்டு பாடியதுதான் குற்றம். பாப் இசை என்றால் ஏகாதிபத்தியம், அதைக் கேட்டால் வங்காள இளைஞர்கள் கெட்டுப்போவார்கள் என்ற பயம்.

உஷா கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனார், ஜெயித்தார். அந்த ஊரை விட்டுப் போகவும் இல்லை, அந்த ஊர்மேல் கோபப்படவும் இல்லை. பம்பாயில் வீடு, உறவு, சினிமா எல்லாம் இருந்தும் கொல்கத்தாவிலேயே இருந்து, பிறகு அந்த ஊரின் முதல் எழுத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டார். இதற்குமேல் ஒரு பதில் தேவையா?

ஹிந்தியில் என்னென்ன பாடினார்?

பட்டியல் நீளம், எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். 1971இல் ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ படத்தில் ஆஷா போன்ஸ்லேயோடு ஒரு ஆங்கிலப் பாட்டு. 1978இல் ‘ஷாலிமார்’ படத்தில் ‘ஒன் டூ ச்சா ச்சா ச்சா’, இரண்டும் ஆர்.டி.பர்மன் இசை. அப்புறம் இசையமைப்பாளர் பப்பி லஹிரியோடு எண்பதுகளின் டிஸ்கோ: 1980இல் ‘ஹரி ஓம் ஹரி’, 1981இல் ‘ரம்பா ஹோ’, 1982இல் ‘டிஸ்கோ டான்சர்’ படத்தில் ‘கோயி யஹான் நாச்சே நாச்சே’. ‘ஹரி ஓம் ஹரி’ மெட்டு ‘ஒன் வே டிக்கெட்’ என்ற ஆங்கிலப் பாட்டில் இருந்து வந்தது, ‘நாச்சே நாச்சே’ பக்கிள்ஸ் குழுவின் புகழ்பெற்ற பாட்டில் இருந்து வந்தது, இதெல்லாம் தெரிந்த ரகசியம்தான். மெட்டு எங்கிருந்து வந்தாலும் அந்தக் குரல் வேறு யாரிடமும் கிடையாது.

ஒன்று கவனியுங்கள். அன்றைய ஹிந்தி சினிமா இவர் குரலைப் பெரும்பாலும் கதாநாயகிக்குக் கொடுக்கவில்லை. லதா மங்கேஷ்கரின் மெல்லிய உச்சக்குரல்தான் நல்ல பெண்ணின் குரல் என்று முடிவாகியிருந்தது. உஷாவின் குரல் கிளப் டான்ஸருக்குப் போனது. திரையில் நடிகை கல்பனா ஐயர் ஜிகினா உடையில் ஆடுவார், பின்னால் ஸ்டுடியோவில் பாடியவர் காஞ்சிபுரம் பட்டில் இருப்பார். அந்த முரணை ஒரு படத்திலாவது கேமரா காட்டியிருக்கலாம். 1972இல் ‘பாம்பே டு கோவா’ படத்தில் மட்டும் அவரே திரையில் பாடகியாக வந்தார், அந்தப் படமோ நம் ‘மதராஸ் டு பாண்டிச்சேரி’யின் ஹிந்தி வடிவம்.

பிறகு 2011இல் இயக்குநர் விஷால் பரத்வாஜ் ‘சாத் கூன் மாஃப்’ படத்தில் ‘டார்லிங்’ பாட்டுக்கு அழைத்தார், ரஷ்ய நாட்டுப்புறப் பாணிப் பாட்டான ‘கலிங்கா’ மெட்டு. கூடப் பாடிய ரேகா பரத்வாஜோடு சேர்ந்து ஃபிலிம்ஃபேர் விருது வாங்கியபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

பப்பி லஹிரியும் இவரும் ஒரே ரகமா?

ஒரே ஸ்டுடியோ, வேறு வேறு ரகம். பப்பிதாவை நினைத்தாலே கழுத்துச் சங்கிலிகளும் கறுப்புக் கண்ணாடியும்தான் முதலில் வரும். எல்விஸ் பிரெஸ்லி கழுத்தில் சங்கிலி பார்த்து ஆசைப்பட்டதாகவும், தங்கம் தனக்கு அதிர்ஷ்டம் என்றும் சொல்வார். 2014இல் ஸ்ரீராம்பூரில் மக்களவைத் தேர்தலுக்கு நின்றபோது வேட்புமனுவில் 754 கிராம் தங்கம் என்று கணக்குக் காட்டினார், ஊரே சிரித்தது, இவ்வளவுதானா என்று! நம் ஊர்க் கல்யாணத்தில் அதைவிட அதிகம் பார்த்தவர்கள் நாம். பப்பிதா ஆசைப்பட்டதை அணிந்து ஒரு ஆளை உருவாக்கினார், உஷா இருந்த ஆளையே பெரிதாக்கினார். இரண்டும் எனக்குப் பிடிக்கும். 2022 பிப்ரவரியில் பப்பிதா போனபோது அந்த டிஸ்கோ காலமே பாதி போனமாதிரி இருந்தது.

தமிழில் என்ன பாடினார்? நிறைய இல்லையே?

இல்லை, அதுதான் வருத்தம். எல்லாருக்கும் தெரிந்தது ‘அஞ்சலி’ படத்தில் இளையராஜா இசையில் ‘வேகம் வேகம் போகும் போகும்’, 1990. இன்றைக்குக் கேட்டாலும் துள்ளவைக்கும். குழந்தைகள் படத்துக்கு இப்படி ஒரு அடிக்குரலைக் கொண்டுவந்து வைக்க ராஜாவுக்குத்தான் தோன்றும். 2010இல் ‘மன்மதன் அம்பு’ படத்தில் மாதவனின் அம்மாவாக நடித்தார், அதே பொட்டு, அதே பூ. அவருக்கு ஒப்பனை செய்ய ஒன்றுமே இருந்திருக்காது.

சென்னையில் தொடங்கியவரைச் சென்னை இன்னும் கொஞ்சம் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். எல்.ஆர்.ஈஸ்வரி என்ற புயல் ஏற்கெனவே இங்கே இருந்தார், அதனால் தேவைப்படவில்லை என்று சொல்வார்கள். எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. இரண்டு பேரையும் ஒரே மேடையில் நிறுத்தியிருக்க வேண்டாமா?

அடுத்தவர்களின் ஆங்கிலப் பாட்டைத்தானே பாடுகிறார்? அதில் என்ன பெருமை?

சபாவில் பாடுகிறவர் தியாகராஜர் கீர்த்தனையைப் பாடும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பாட்டு யாருடையது என்பதைவிட பாடும்போது அது யாருடையதாக ஆகிறது என்று பாருங்கள். அடெல் பாடிய ‘ஸ்கைஃபால்’ பாட்டை இவர் பாடிக் கேளுங்கள், மைலி சைரஸின் ‘ஃப்ளவர்ஸ்’ பாட்டை ட்ரிங்காஸில் பாடிய வீடியோவைப் பாருங்கள், 2023இல் ஊரெல்லாம் சுற்றியது. தனக்குத் தானே பூ வாங்கிக்கொள்வேன் என்ற பாட்டை, தலையில் பூவோடு நிற்கும் பாட்டி பாடுகிறார். மைலிக்கு அது காதலனை விட்டு வந்த கோபம். இவர் பாடினால் பூக்காரியிடம் முழம் என்ன விலை என்று கேட்டு வாங்கியவரின் நிதானம்.

கென்யாவிலும் இதுதான் நடந்தது. எழுபதுகளில் நைரோபி போனவர் ‘மலைக்கா’ என்ற ஸ்வாஹிலி காதல் பாட்டை அங்கத்துக்காரர்கள் மத்தியிலேயே பாடினார். அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போய் கௌரவக் குடியுரிமையே கொடுத்தார்கள்.

உண்மையைச் சொன்னால் எல்லாமே நன்றாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். சில பாட்டுகளில் கைதட்டச் சொல்லும் ஆர்வத்தில் பாட்டே காணாமல்போகும். டிவி ரியாலிட்டி ஷோக்களில் நடுவராக வரும்போது எல்லாப் பிள்ளைகளையும் கட்டிப்பிடித்துப் பாராட்டிவிடுவார், மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இருக்காது. கட்டிப்பிடிக்க வேண்டிய வயதுப் பிள்ளைகள்தானே, இருக்கட்டும்.

புதிதாகக் கேட்கிறவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

ஒலித்தட்டில் இருந்து தொடங்காதீர்கள், மேடை வீடியோவில் தொடங்குங்கள். இவரைக் காதால் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். முதலில் ‘டார்லிங்’ மேடையில் பாடியது. பிறகு ‘ரம்பா ஹோ’ மேடையில். மூன்றாவதாக ‘ஃபீவர்’, சத்தமில்லாமல், விரல் சொடுக்கோடு, அதில்தான் அந்தக் குரலின் அடி ஆழம் தெரியும். கடைசியில் ‘வேகம் வேகம்’ ஹெட்ஃபோனில்.

மேடையில் இவரை மிமிக்ரி செய்கிறார்களே, அது அஞ்சலியா கேலியா?

ஆள் யார் என்பதைப் பொறுத்தது. பொட்டைத் தட்டு அளவுக்கு வைத்து, குரலைக் கரகரப்பாக்கி, ‘ரம்பா ஹோ’ என்று இரண்டு முறை கத்திவிட்டு இறங்கினால் அது கேலி, அதுவும் சோம்பேறிக் கேலி. அந்த நிமிர்வையும், கூட்டத்தில் கடைசி வரிசை ஆளைக் கைகாட்டிப் பாடவைக்கும் உரிமையையும் பிடித்தால் அஞ்சலி. கட்டைக்குரல் பெண் என்றாலே சிரிப்பு என்று பழகிய ஊர் நாம். பள்ளியில் பாட்டு வகுப்பில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்ட எத்தனையோ பெண்களுக்கு இவர் மேடையில் நிற்பதே பெரிய ஆறுதல்.

என் மகளுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி, உஷா உதுப் வேஷம் போடலாமா?

தாராளமாக. ஜான்சி ராணிகள் ஏற்கெனவே பத்துப் பேர் வருவார்கள். சின்னக் குழந்தைக்கு அசல் பட்டு வேண்டாம், கனம் தாங்காது, அழுதுவிடும். பாட்டியின் பழைய பாவாடைத் துணியோ, மினுமினுக்கும் செயற்கைப் பட்டோ போதும், நிறம் மட்டும் அடக்கமாக இருக்கக்கூடாது: ராமர் பச்சை, ராணி கலர், மாம்பழ மஞ்சள். கொசுவத்தை முன்னாலேயே தைத்து எலாஸ்டிக் வைத்துவிடுங்கள். மல்லிகை காலையிலேயே வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மேடையேறும் வரை வாடாது, கனகாம்பரம் ஒரு சரம் நடுவில் கலந்தால் மேடைக்கு எடுப்பாக இருக்கும். பொட்டை ஃபெல்ட் துணியில் வட்டமாக வெட்டி, நடுவில் வெள்ளை பெயின்டில் எழுத்து வரைந்து, ஸ்டிக்கர் பொட்டின்மேல் ஒட்டினால் வியர்வைக்கு விழாது. வளையல் கண்ணாடியில் வேண்டாம், பிளாஸ்டிக் போதும், ஒரு கையில் நிறைய, மறுகையில் மைக்.

ஷூவுக்குப் பள்ளிக்கூட வெள்ளை கேன்வாஸ் ஷூவே போதும். பழைய புடவைக் கரையை வெட்டி ஃபேப்ரிக் க்ளூவால் பக்கவாட்டில் ஒட்டி, இரவு முழுக்கக் காயவிடுங்கள், சூடான க்ளூ கன் வேண்டாம். திங்கட்கிழமை பி.டி. பீரியடுக்கு அதே ஷூதான் என்றால் ஒட்டுவதற்குப் பதில் நூலால் நான்கு தையல் போட்டுவிடுங்கள், பிரிப்பது சுலபம். மகளுக்குப் பாட வராவிட்டாலும் பரவாயில்லை. முதல் இரண்டு வரி பாடிவிட்டு, மைக்கைப் பார்வையாளர்கள் பக்கம் நீட்டச் சொல்லிக் கொடுங்கள், மீதியை அவர்களே பாடிவிடுவார்கள்.